தங்கையின் மயோனைஸும் நாமக்கல் முட்டையும்

சங்ககிரிக் கோட்டையைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு வாசகர்கள் பல மாதங்களாக என் உயிரை எடுக்கிறார்கள். மன்னிக்கவும், இந்த முறையும் கோட்டை கிடையாது. சேலம் வரைக்கும் போனேன், அங்கிருந்து நாமக்கல்லுக்கும் போனேன். பார்த்தது ஒரே ஒரு கோழிப்பண்ணை. போன காரணம் என் தங்கை அமுதா.

சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்கு எதிரே அமுதா சின்னதாக ஒரு சாண்ட்விச் கடை வைத்திருக்கிறாள். மாலையில் மட்டும்தான் வியாபாரம். பச்சை முட்டையையும் எண்ணெயையும் அடித்து அவளே தயாரிக்கும் மயோனைஸுக்குத்தான் அங்கே கூட்டம். இந்தக் கோடையில் ஒரு நாள் அவள் கடையில் சாப்பிட்ட மூன்று பேருக்கு வாந்தி, பேதி. இரண்டு பேர் வீட்டிலேயே தேறிவிட்டார்கள். எதிர்க் குடியிருப்பில் இருக்கும் ஏழு வயது தன்யாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. பரிசோதனையில் சால்மொனெல்லா என்று வந்தது. பெரும்பாலும் கோழி, முட்டை வழியாக வயிற்றுக்குள் போகிற கிருமி. பிள்ளை தேறி வீடு திரும்பிவிட்டாள், ஆனால் எதனால் வந்தது என்று அவள் அம்மாவுக்குத் தெரியாது. மற்ற இருவரின் கதையும் தெரிந்திருந்ததால் அமுதாவுக்கு மட்டும் சந்தேகம். கடையை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“முட்டைதான் கெட்டதுன்னு தெரிஞ்சா போதும்ணா. நேரா போய் தன்யா அம்மாகிட்ட சொல்லிருவேன். தெரியாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?” என்றாள்.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் கிளம்பி, விடிகாலையில் சேலம் ஜங்ஷனில் இறங்கினேன். அமுதா வீடு நடக்கிற தூரம்தான். நான் போனபோது வீட்டுச் சமையலுக்கு வாங்கிய ஒரு அட்டை முட்டையை, முப்பதையும், வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வாங்கும் முட்டைக்கும் இதே குளியல்தான். அவளிடம் பால் பாக்கெட்கூடக் குளித்துவிட்டுத்தான் பிரிட்ஜுக்குள் போகும். சின்ன வயதில் நான் கை கழுவாமல் தட்டைத் தொட்டால் ஊரைக் கூட்டிவிடுவாள். இவ்வளவு சுத்தக்காரியின் கடையிலா இப்படி என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. பண்ணைக்காரரை ஒரு பிடி பிடிப்பது என்று முடிவு செய்துகொண்டேன். அவள் வழக்கமாக வாங்கும் முட்டைக் கடையில் விசாரித்ததில் பண்ணையின் பெயரும் போன் நம்பரும் கிடைத்தன.

போகிறவர்களுக்காக வழி: ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ்ஸில் புதிய பஸ் நிலையம். அங்கிருந்து நாமக்கல்லுக்கு அடிக்கடி பஸ் உண்டு. ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். மல்லூர் தாண்டும்வரை நெரிசல், அதற்கப்புறம் ரோடு வழுக்கிக்கொண்டு போகும். இடதுபக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்கும், வலதுபக்கம் உட்காருங்கள்.

நாமக்கல்லில் இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் கேட்டார்: “ஏனுங்க, அனுமாரைப் பாக்க வந்தீங்களா, முட்டை எடுக்க வந்தீங்களா?”

முட்டையோடு சண்டை போட வந்தேன் என்றேன். சிரித்துவிட்டு, மோகனூர் ரோட்டில் பத்து கிலோமீட்டருக்கு, காத்திருந்து திரும்ப ஐந்நூறு ரூபாய் என்றார். பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை.

பண்ணை வாசலில் தொட்டி மாதிரி கட்டி மருந்துத் தண்ணீர் விட்டிருந்தார்கள். அதில் காலை நனைத்து, செருப்பை மாற்றிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். வேறு பண்ணைக்கு அன்றைக்குப் போய்வந்தவரை உள்ளேயே விடமாட்டார்களாம். நீளமான கொட்டகை, வரிசையாகக் கூண்டுகள். சரிவான கம்பி வலையில் முட்டை தானாக உருண்டு வெளியே வந்து நிற்கிறது. நாற்றம் மட்டும் போகப்போகத்தான் பழகியது.

உரிமையாளர் குமரேசனுக்கு என் வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“புள்ளை இப்ப எப்படிங்க இருக்குது?” என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் சொன்னார்: “கோழின்னு இருந்தா கிருமி இருக்குமுங்க. என்ர பண்ணையில அறவே இல்லைன்னு சொன்னா அது பொய்யிங்க. எலி வரும், ஈ வரும். நாங்களும் அடைச்சுக்கிட்டே இருக்கோம்.”

“முட்டையக் கழுவி அனுப்பலாமே?”

“அய்யோ, தண்ணியே காட்ட மாட்டோமுங்க. ஓட்டு மேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்குது. கழுவுனா அது போயிரும். ஓடு பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க. பச்சைத் தண்ணியில ஊறப்போட்டா அழுக்குத் தண்ணி உள்ளார இழுத்துக்கும்.” சட்டென்று என்னைப் பார்த்தார். “ஏனுங்க, உங்க தங்கச்சி ஊட்ல கழுவறாங்களா?”

காலையில் பார்த்ததைச் சொன்னேன். “வாளியில போட்டு.”

“எல்லாத்தையும் ஒண்ணாவா?”

தலையாட்டினேன். அவர் அடுக்கி வைத்திருந்த அட்டைகளின் பக்கம் போனார். நடுவிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார். ஓரத்தில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. “இதைப் பிரிச்சு எடுத்திருக்கோணும். உட்டுப்போட்டாங்க. எங்க தப்புத்தானுங்க. ஆனா இது ஒண்ணு வாளிக்குள்ள போச்சுன்னா முப்பதுக்கும் ஒட்டிக்கும். அடுப்புல வெச்சு நல்லா வேகவெச்சா செத்துரும். நீங்க சொல்ற மயோனைசு அடுப்பையே பாக்கறதில்லைங்களே.”

அதே ஆட்டோவிலும் பஸ்ஸிலும் திரும்பினேன். கையோடு ஒரு குற்றவாளியைப் பிடித்துக்கொண்டு போக வந்தவன் நான். இப்போது அதில் பண்ணைக்கும் பங்கு, கிருமியைப் பெருக்கிவிடும் கோடை வெயிலுக்கும் பங்கு, வேகாத மயோனைஸுக்குப் பெரிய பங்கு. அமுதாவின் வாளிக்கும் பங்கு. எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சுத்தம் என்று நாம் செய்வதில் பாதி கண்ணுக்காகச் செய்வது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பளபளவென்று இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அமுதாவிடம் மறைக்காமல் சொன்னேன். “அப்ப நான்தான் அழுக்கா?” என்று கத்தினாள். கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள், வீட்டிலோ கடையிலோ முட்டை கையாள்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விரிசல் விட்டதையும் எச்சம் ஒட்டியதையும் வாங்காதீர்கள். கழுவி அடுக்கி வைக்காதீர்கள். முட்டையைத் தொட்ட கையையும் பாத்திரத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகட்டும். பச்சை முட்டை மயோனைஸ் வேண்டவே வேண்டாம், முட்டை இல்லாமலே நன்றாகச் செய்யலாம். ஒரே கடையில் சாப்பிட்டவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். அமுதாவும் மறுநாள் போய்ச் சொன்னாள். பண்ணை பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்யுங்கள்.

நான் பண்ணையிலிருந்து திரும்பிய அன்றைக்கே சாயங்காலம் அமுதா ரோட்டைக் கடந்து தன்யா வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். தன்யாவின் அம்மா வாசலுக்கு வந்தார். வாளி, மயோனைஸ், மற்ற இரண்டு பேர் என்று அமுதா எதையும் விடாமல் சொன்னாள். அவர் நிலைப்படியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரியில இருந்தப்பவே சொல்லியிருக்கலாமே அமுதா,” என்றார் கடைசியில். “அன்னிக்கு ஸ்கூல் விட்டு வர்றப்ப நான்தான் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். என் மாமியார் அதைச் சொல்லிச் சொல்லியே காட்டறாங்க. நானும் என்னாலதான்னு நெனச்சு தெனம் அழுதுட்டு இருக்கேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்பிக் கூப்பிட்டார்.

“அத்தை, கொஞ்சம் வெளிய வாங்க. அமுதா சொல்றத நீங்களும் கேளுங்க.”

அந்த அம்மாள் வந்து நின்றார். அமுதா முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள்.