தம்பியின் மிச்சம்

என் தம்பிக்கு இரண்டு வயது முடிகிற வரைக்கும் சீனி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. வேறு வீட்டில் நடந்திருந்தால் இது ஒரு செய்தியே இல்லை. எங்கள் அப்பாவோ திருநெல்வேலி டவுனில் ஓர் அல்வாக் கடையில் சரக்கு மாஸ்டர். வெளியூர்க்காரர்கள் ரயிலேறுவதற்கு முன்னால் வரிசையில் நின்று வாங்கிப் போகிற அல்வா அவர் கிண்டியது. அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளையின் நாக்கில் ஒரு பொட்டு இனிப்புப் படக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருந்தாள். பேட்டையில் எங்கள் தெருவுக்கு அந்த ஒரு வருடம் சிரிப்பதற்கு வேறு விஷயம் தேவைப்படவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. தம்பிக்கு முதல் பிறந்தநாள் முடிந்த கொஞ்ச நாளில், அம்மாவும் அப்பாவும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார்கள். அப்பா போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா நேரே அடுக்களைக்குப் போய்ச் சீனி டப்பாவைப் பரணில் ஏற்றினாள். பின்னாலேயே கருப்பட்டிப் பானையும் ஏறியது. "ரெண்டு வயசு முடியுத வரைக்கும் பிள்ளைக்கு இனிப்பே காட்டக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. ரெண்டாவது பொறந்தநாளுக்கு அப்பா அல்வாவக் குடுப்போம். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது" என்றாள். அப்பாவின் காப்பியிலும் அன்றோடு சீனி நின்றது. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். "அவன் உங்க தம்ளர எட்டி எட்டிப் பிடிக்கான். ஒரு வாய் குடிச்சிட்டாம்னா என்ன செய்ய?" எனக்கு மட்டும், பள்ளிக்கூடம் போகிற பெரிய மனுஷி என்று விலக்கு உண்டு. ஆனால் தம்பி கண்ணில் படாமல் தின்ன வேண்டும்.

விடிந்ததும் தம்பிக்கென்று தனிச் சமையல் தொடங்கிவிடும். ஒரு நாள் கேப்பைப் புட்டு, மேலே தேங்காய்ப்பூ. ஒரு நாள் பாசிப்பயற்றை ஊறவைத்து அரைத்து, கேரட் துருவிப் போட்டு, உள்ளங்கை அகலத்தில் தோசை. இன்னொரு நாள் தினைப் பொங்கல். சாயங்காலத்துக்குக் கொண்டைக்கடலையை அவித்து, தோலை உரித்து, மசித்து, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வைப்பாள். வெள்ளரிக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கித் தயிரில் தோய்த்துக் கையில் கொடுப்பாள். தம்பி அதை வைத்துச் சுவருக்கு வெள்ளையடிப்பான். தெருவில் மற்ற பிள்ளைகளெல்லாம் பாலில் பிஸ்கட்டைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்க, எங்கள் வீட்டுப் பிள்ளை கேப்பை மாவு மீசையோடு வாசலில் உட்கார்ந்திருப்பான். கொழுகொழுவென்றுதான் இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் கண்ணளவில் கச்சிதமாகச் சமைக்கிற அம்மாவுக்கு இந்தச் சமையலில் மட்டும் அளவு கைவரவே இல்லை. தவழ்ந்து முடித்து நடக்கப் பழகுகிற பையனுக்கு ஒரு பெரிய கும்பா நிறையப் புட்டு அவிப்பாள். அவன் சில வாய் தின்றுவிட்டு, மீதியைத் துப்பி விளையாடத் தொடங்கிவிடுவான். பிள்ளை தின்ற மிச்சத்தைக் குப்பையில் கொட்டக் கூடாது, பெற்றவர்கள்தான் தின்று தீர்க்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவுக்கோ கேப்பை என்றாலே நெஞ்சு கரிக்குமாம். ஆக, மிச்சமெல்லாம் அப்பாவுக்கு. இட்லிக்குச் சீனி தொட்டுத் தின்று வளர்ந்த மனிதர், கும்பாவை மடியில் வைத்துக்கொண்டு புட்டை அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வார். எதிர் வீட்டுக்காரர் பார்த்துவிட்டால், "என்ன செய்ய, பிள்ள மிச்சம் வச்சுட்டான்லா" என்று பெருமையாகச் சொல்வார். ஏத்தம்பழம் மசித்துக் கொடுக்கிற நாளில் மட்டும் அம்மாவுக்கு அளவு சரியாக அமைந்துவிடும். அன்றைக்கு மிச்சமே இருக்காது. அது எப்படி என்று நான் யோசித்ததில்லை.

தம்பிக்கு வந்த இனிப்பெல்லாம் என்னைச் சேர்ந்தது. கோயிலில் குருக்கள் அவன் வாயை நோக்கிப் பஞ்சாமிர்தத்தை நீட்டினால், நடுவில் அம்மாவின் உள்ளங்கை வந்து நிற்கும். அந்தக் கை அப்படியே திரும்பி என் வாய்க்கு வரும். கல்யாண வீட்டு லட்டு, பெருநாளைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் சேமியா, கடைக்காரர் நீட்டுகிற மிட்டாய், எல்லாம் இந்த வழியாகத்தான் வந்தன. இனிப்புக்கு நான், இனிப்பில்லாததற்கு அப்பா என்று எங்கள் வீட்டில் இரண்டு குப்பைத்தொட்டிகள் இருந்தன. இரண்டில் நான்தான் கொடுத்து வைத்தவள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சட்டத்துக்குப் பெரிய ஆபத்து அப்பாவிடமிருந்துதான் வந்தது. நாள் முழுக்கச் சட்டிக்கு முன்னால் நின்று கிண்டுகிறவர். முழங்கை வரைக்கும் நெய்யும் பாகும் தெறித்திருக்கும். ஒரு நாள் கடையிலிருந்து வந்ததும் தம்பியைத் தூக்கினார். தூக்கியவுடன் அவன் அவருடைய கையை நக்க ஆரம்பித்தான். அம்மா போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. மறுநாளிலிருந்து அப்பா வண்டியை நிறுத்தியதும் நேரே குழாயடிக்குப் போய்த் தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். எதிர் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, சாவு வீட்டுக்குப் போய் வருகிறார் என்று நினைத்துக் கவலையோடு கேட்டார்: "என்னவே, தெனமும் வந்ததும் வராததுமா குளிக்கீரு. அப்படி யாரு வீட்லவே தெனமும் துட்டி?"

குளிப்பதற்கு முன்னால் அப்பாவுக்கு இன்னொரு வேலை உண்டு. வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு வாழையிலைத் துண்டை எடுத்துக்கொண்டு என்னைக் கொல்லைப்புறம் கூப்பிடுவார். இலைக்குள் அன்றைய அல்வா ஒரு துண்டு இருக்கும். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்று நான் தின்பேன். அப்பா எதிரே குத்த வைத்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. கேள்வி தொடங்கும்.

"பல்லுல ஒட்டுதா?"

"இல்லப்பா."

"தொண்டையில தானா எறங்குதா, நீ முழுங்குதியா?"

"தானா எறங்குது."

"நெய் முன்னால தெரியுதா, பொறவு தெரியுதா? பைய யோசிச்சுச் சொல்லு."

பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. "இனிப்பா இருக்கு" என்று சொல்லித் தப்ப முடியாது. "இனிப்பாத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியாதா? வேற எப்படி இருக்கு?" என்பார். ஒரு நாள் நான், "லேசா கருகல் வாசம் வருதுப்பா" என்றேன். அப்பா முகம் வெளுத்துப் போயிற்று. குளிக்காமல், சட்டைகூடப் போடாமல் துண்டைத் தோளில் எறிந்துகொண்டு வண்டியைக் கிளப்பிக் கடைக்குப் பறந்தார். "சாப்பிடாம கொள்ளாம எங்க போறிய?" என்று அம்மா கத்தியது அவர் காதில் விழவில்லை. அந்தச் சட்டி அல்வா ஒரு துண்டுகூட வெளியே போகாமல் நின்றது. ஊரெல்லாம் அவர் கிண்டியதைக் கொண்டாட, இவர் போய் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு ஏன் இந்தப் பாடு படுகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடையிலோ அப்பாவின் பெயர் அந்த வருடம்தான் உச்சத்துக்குப் போனது. மாஸ்டர் இப்போதெல்லாம் ருசியே பார்ப்பதில்லை, கண்ணாலேயே பதம் சொல்லிவிடுகிறார் என்று பையன்கள் வியந்து பேசிக்கொண்டார்களாம்.

அம்மாவுக்கு உண்மையான எதிரி கல்லிடைக்குறிச்சி அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். அப்பளக் கட்டோடு அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே அம்மா ஓடிப்போய், "வாங்க மைனி" என்று இறுகக் கட்டிப்பிடிப்பாள். அதற்கு முன்னால் அம்மா யாரையும் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை. அத்தை இடுப்பில் முடிந்து வைத்திருக்கிற கற்கண்டு அந்த அணைப்பிலேயே பறிபோய்விடும். அத்தை பதிலுக்கு அடுக்களையைச் சோதனை போடுவாள்.

"ஏளா, நடக்கப் பழகுத பிள்ளைக்கு எவளாவது வெந்தயத் தோச சுடுவாளா?"

"சூடு தணியும் மைனி."

"எம் பிள்ளைகளும் வளந்துதுல்லா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ஊருக்கே அல்வா கிண்டுதான் என் தம்பி. அவன் பிள்ள வாயில ஒரு இனிப்பு வைக்க நான் இவகிட்ட மனுக் குடுக்கணுமாம். பிள்ளைக்குத்தான் இந்தக் கொடுமைன்னா, ராசா மாதிரி இருந்தவன் எச்சி மிச்சத்தத் தின்னு எப்படி எளச்சுப் போனான் பாரு!"

அப்பா மெலிந்திருந்தது உண்மைதான். அம்மா அதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோசையைப் புரட்டினாள். அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஒருவழியாக இரண்டாவது பிறந்தநாள் வந்தது. சட்டம் கிழியாமல் அதுவரைக்கும் வந்து சேர்ந்ததில் அம்மா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா அதிகாலையில் கடைக்குப் போய்த் தனியாக ஒரு சட்டி கிண்டி, சூடு ஆறாமல் கொண்டு வந்திருந்தார். புதுச் சட்டையோடு தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை வாய்க்குக் கீழே வழக்கம்போல உள்ளங்கையை ஏந்திக்கொண்டார். அத்தை, முதல் வாய் தன் கையால்தான் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு துண்டைக் கிள்ளி அவன் நாக்கில் வைத்தாள்.

தம்பி முதலில் அசையாமல் இருந்தான். பிறகு புருவத்தைச் சுருக்கினான். நாக்கை வெளியே நீட்டினான். உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. அத்தனை பேர் பார்த்திருக்க, அப்பாவின் அல்வாவை அப்பாவின் கையிலேயே துப்பிவிட்டு, அடுக்களைப் பக்கம் விரலைக் காட்டி, "புத்து" என்றான்.

"ஏலே, ஒம் பிள்ள ஒம் பொழப்பையே துப்பிட்டானடா!" என்று அத்தை தலையில் கை வைத்தாள். சிரிப்பில் வீடு அதிர்ந்தது. அப்பாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே, ஒரு வருடப் பழக்கத்தில், கையில் கிடந்த மிச்சத்தை வாய்க்குக் கொண்டு போனார்.

அம்மா எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. அப்பாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துவிட்டாள். நாலு பேருக்கு முன்னால் அம்மா அப்பாவைத் தொட்டு நான் அதுவரை கண்டதில்லை. சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. அப்பா கையை விடுவிக்கவில்லை, அம்மாவும் விடவில்லை. "கையக் கழுவுங்க" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன்னுடைய தம்ளர் தண்ணீரை எடுத்து வந்து, அவளே அப்பாவின் கையைக் கழுவிவிட்டாள். அன்று பஸ் ஏறுகிற வரைக்கும் அவள் அம்மாவிடம் சண்டை போடவில்லை. அடுத்த தடவை வந்தபோது அப்பளக் கட்டோடு ஒரு பை வெந்தயமும் கொண்டு வந்தாள். அத்தை தோற்றுப் போய்விட்டாள் என்று நான் நினைத்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தம்பியை மட்டும் பார்க்கவில்லை என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. தம்பிக்கு இனிப்பு வேண்டாம் என்று அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அன்று சர்க்கரை ஏறிக் கிடந்தது அப்பாவுக்கு. நோயாளிச் சாப்பாட்டுக்கு உட்கார மாட்டேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். ருசி பார்க்க முடியாத மாஸ்டரை எந்தக் கடை வைத்துக்கொள்ளும், வெளியே தெரிந்தால் பிழைப்புப் போய்விடும் என்ற பயம் வேறு. அதனால் அம்மா நோயாளிக்குச் சமைக்கவில்லை. பிள்ளைக்குச் சமைத்தாள், கும்பா நிறைய. மிச்சத்தைத் தின்பதற்கு எந்த அப்பனுக்கும் வெட்கமில்லை. இருவருக்கும் இது தெரியும். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டதில்லையாம். மாத்திரை டப்பா மேசைமேல் வெளிப்படையாக உட்கார ஆரம்பித்த காலத்தில் அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறந்தநாள் அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எனக்கு அம்மாமேல் கோபமான கோபம். ஒரு வருடமாகக் கேப்பையும் வெந்தயமும் மிச்சமாக வந்தபோதெல்லாம் அவரைத் தின்ன வைத்தவள், அதிசயமாக ஒரு நல்ல மிச்சம் வந்த அன்று கையைப் பிடித்துவிட்டாளே என்று அப்பாவுக்காக மனசு அடித்துக்கொண்டது. எனக்குக் கொடுத்த அல்வாவைத் தின்னாமல் இலையில் மடித்து வைத்திருந்தேன். கூட்டம் கலைந்த சாயங்காலம், துவைக்கிற கல்லடியில் தனியாக உட்கார்ந்திருந்த அப்பாவிடம் அதைக் கொண்டுபோய் நீட்டினேன்.

அப்பா இலையைப் பிரித்தார். மூக்கருகே வைத்து ஒரு தடவை மோந்தார். பிறகு துண்டை எடுத்து என் வாயில் வைத்தார்.

"சொல்லு. எப்படி இருக்கு?"

"நீங்களே தின்னு பாக்க வேண்டியதானப்பா?"

"நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். பைய, முதல்லருந்து சொல்லு."

நான் சொன்னேன். முதலில் வழுக்கிக்கொண்டு போகிறது. பிறகு கோதுமை வாசம். அதற்குப் பின்னால் நெய் என்றேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. பாவம், விடியுமுன்னே எழுந்தவர், தூக்கம் வருகிறது போல என்று நினைத்துக்கொண்டு, மீதியைச் சொல்லாமல் எழுந்து விளையாடப் போய்விட்டேன்.