அரக்கு வைத்த ரேடியோ

அருப்புக்கோட்டை வேங்கடபதி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கெட்டுப்போன பெட்டிகளைப் பிரித்துப் பிரித்தே ரேடியோ வேலையைக் கற்றார். 1961-இல் பஞ்சாயத்து ரேடியோக்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. திருச்சுழி வரைக்கும் இருபத்திரண்டு ஊர்கள். எல்லா ஊருக்கும் சைக்கிள்தான்.

டெல்லியில் ஒலிபரப்புக்குத் தலைவராக இருந்த அதிகாரியை அவர் பார்த்ததில்லை. சுற்றறிக்கைகளின் அடியில் அவருடைய கையெழுத்து அச்சாகி வரும். அந்தத் தாள்களை வேங்கடபதி தேதிவாரியாக நூலில் கோத்து வைத்திருந்தார். மற்ற மெக்கானிக்குகள் அவற்றைப் படிப்பதே இல்லை. “ஒருத்தர் அங்க உக்காந்து சொல்றாரு, தேசம் பூராவும் ஒரே நேரத்துல கேக்குது. சும்மாவா?” என்பார்.

1965-இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. பஞ்சாயத்துப் பெட்டிகள் நம் நாட்டு நிலையங்களின் கிராம நிகழ்ச்சியையும் செய்தியையும் ஒலிபரப்ப வேண்டும், அந்நிய நிலையங்களை வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. மற்றவர்கள் அதைக் கோப்பில் போட்டுவிட்டு மறந்தார்கள். வேங்கடபதி மெழுகுவத்தியும் அரக்கும் எடுத்துக்கொண்டு புறப்பட்டு, இருபத்திரண்டு ஊர்ப் பெட்டிகளிலும் நிலையம் மாற்றும் திருகை அரக்கு வைத்து ஒட்டிவிட்டு வந்தார். அதன்பின் ரேடியோ அறைக் காவல்காரரால் சுவிட்சைப் போட முடியும், அணைக்க முடியும், அவ்வளவுதான். சிலோன் பாட்டு நின்றுபோனது. அந்த ஊர்களில் ஒன்றான எம்.ரெட்டியபட்டியில் அவருக்கு ‘டெல்லிக்காரர்’ என்று பெயர் வைத்தார்கள்.

“ஏலே, டெல்லிக்காரர் வாராரு. தும்முறதா இருந்தா உத்தரவு கேட்டுட்டுத் தும்மு” என்று டீக்கடை பொன்ராஜ் சத்தமாகவே சொல்வார். வேங்கடபதி காதில் வாங்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போவார்.

1969 ஆனி மாதம் அந்த ஊர் முத்துப்பேச்சி ஒரு கடிதத்தோடு அவரிடம் வந்தாள். பருத்தி எடுக்கிற கூலிக்காரி, கணவன் இல்லை. ஒரே மகன் வீரணன், வீரசோழன் ஊரைச் சேர்ந்த முதலாளி ஒருவரின் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது.

வேங்கடபதி வாசித்துக் காட்டினார். ‘ஆத்தா, அடுத்த ஞாயிறு தள்ளி வாற ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு, இலங்கை ரேடியோவில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சியில் நான் பேசுகிறேன். உன்னிடம் ஒரு சம்மதம் கேட்க வேண்டும். கடுதாசியில் எழுதினால் வேறு ஆள்தான் வாசிப்பார்கள். என் வாயாலேயே கேட்கிறேன்.’

“எட்டு வருசமாச்சு தம்பி, அவன் சத்தத்தைக் கேட்டு. அன்னைக்கு ஒரு அரை மணி நேரம் நம்ம ரேடியோவைச் சிலோனுக்குத் திருப்பிவிடுங்க” என்றாள்.

ஊரில் இருந்த இன்னொரு ரேடியோ பெரிய வீட்டில் இருந்தது. அந்த வாசலுக்கு அவள் போக முடியாது.

வேங்கடபதி மறுக்கவில்லை. “எனக்கு அதிகாரம் இல்லம்மா. டெல்லித் தலைவருக்கே எழுதிக் கேக்குறேன். அவுக சரின்னுட்டா நானே வந்து திருப்புறேன்” என்றார். அன்றே ஆங்கிலத்தில் எழுதி, மூன்று முறை திருத்தி, எக்ஸ்பிரஸ் தபாலில் போட்டார். அவளுக்காகத் தன்னால் இயன்றதில் மிகப் பெரிய உதவி இதுதான் என்று மனதார நம்பினார்.

அந்த ஞாயிறு வரை பதில் வரவில்லை. இருந்தும் மூன்றரை மணிக்கே எம்.ரெட்டியபட்டிக்குப் போய் ரேடியோ அறையைத் திறந்து நின்றார். முத்துப்பேச்சி தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சாயத்து ரேடியோ பாடத் தொடங்குவது ஐந்தரைக்குத்தான். அந்த நேரத்தில் பெட்டி சும்மா கிடந்தது.

“ஒரு சொட்டு அரக்குய்யா” என்றார் பொன்ராஜ், இந்தத் தடவை கேலி இல்லாமல். “பேத்துட்டுத் திருப்பி ஒட்டிக்கிறலாம். டெல்லியிலேருந்து எட்டியா பாக்குறாக?”

“அவுக பாக்கலைன்னாலும் நான் பாத்துட்டுத்தான இருக்கேன்” என்றார் வேங்கடபதி.

நாலரை ஆனது. முத்துப்பேச்சி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

மறுநாள் பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் அவர் வீட்டுக்கே வந்து, மகனுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். “நல்லாக் கேட்டுச்சுன்னு எழுதுங்க. குரல் அப்படியே அவுகப்பா குரலாட்டம் இருக்குன்னு போடுங்க. கேட்டதுக்குச் சம்மதம்னும் எழுதுங்க.”

“என்ன கேட்டான்னு தெரியாம எப்படிம்மா?”

“மாமன் மக கஸ்தூரியைக் கட்டுறதுக்குத்தான் கேட்டிருப்பான். வேற என்ன சம்மதம் கேப்பான்? கேக்கலைன்னு எழுதினா புள்ளை மனசு விட்டுரும். எழுதுங்க தம்பி.”

ஒரு திருகாணிக்குக்கூடப் பொய்க்கணக்கு எழுதியறியாத கை அதை எழுதியது.

டெல்லிக்குத் தபால் போட்ட பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. தலைவருக்காக யாரோ ஒரு சிறிய அதிகாரி கையெழுத்திட்டிருந்தார். சுற்றறிக்கை கிராம நிகழ்ச்சி நேரத்துக்கு மட்டுமே பொருந்தும், மற்ற நேரத்தில் பெட்டியை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அந்தந்த ஊரே முடிவு செய்யலாம், இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. மொத்தம் நாலு வரி. வேங்கடபதி அகராதியை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். பொருள் மாறவில்லை.

ஆவணியில் வீரணன் கடிதம் வந்தது. ‘நீ சம்மதம் சொன்ன பிறகுதான் எனக்கு உறக்கம் வந்தது ஆத்தா. முதலாளி கடையை என் பொறுப்பில் விட்டுவிட்டார். இங்கேயே இருந்துவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ வேண்டாம் என்றிருந்தால் அடுத்த கப்பலிலேயே வந்திருப்பேன்.’

வாசித்து முடித்ததும் வேங்கடபதி பேனாவை எடுத்தார். “இப்பவே நடந்ததை எழுதிருவோம்மா. தப்பு என் மேலன்னு நானே எழுதுறேன். வந்துருவான்.”

முத்துப்பேச்சி கடிதத்தை வாங்கி மடித்தாள். “வேண்டாம். இப்பத்தான் உறக்கம் வந்துச்சுன்னு எழுதியிருக்கான்ல. அவ்வளவு தூரத்துலேருந்து கூப்பிட்டுக் கேட்டிருக்கான், ஆத்தா கேக்கலைங்கிறதை எப்படித் தாங்குவான்? நல்லா இருன்னு மட்டும் எழுதுங்க.”

அந்த மாதமே வேங்கடபதி இருபத்திரண்டு ஊர்களுக்கும் போய் அரக்கைப் பெயர்த்தார். ஏன் என்று கேட்ட பொன்ராஜிடம், “உத்தரவுல இல்லாததையும் நான்தான் சேத்துக்கிட்டேன்” என்றார். அதன்பின் முத்துப்பேச்சியின் கடிதங்கள் எல்லாவற்றையும் அவரே எழுதினார். அவள் சொல்வதை மட்டும் எழுதினார்.

1974 மாசியில் அவள் இறந்தாள். காரியம் முடிந்ததும் கொழும்புக்கு எழுத உட்கார்ந்தார். முதல் தாளில் சாவுச் செய்தி. இரண்டாவது தாளில் அந்த ஞாயிற்றுக்கிழமையை நடந்தபடி எழுதினார். தபால் பெட்டியருகே போனதும் இரண்டாவது தாளை உருவிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீரணன் பதில் எழுதினான்: ‘கடைசி வரைக்கும் ஆத்தாவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் ஒரு தடவையாவது என் குரலைக் கேட்டாளே. அதை நினைத்துத்தான் தேற்றிக்கொள்கிறேன்.’

அந்தக் கடிதத்துக்கு வேங்கடபதி பதில் எழுதவில்லை.