இஸ்திரி அக்கா கேட்காத மன்னிப்பு

கீழே டயர் கடை, மேலே எங்கள் டுடோரியல். கடையில் காற்றடிக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தால் எங்கள் கரும்பலகையும் கூடவே நடுங்கும். ஒழுங்காகப் படித்துப் பாஸானவர்கள் இந்தப் படி ஏறுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கவிழ்ந்தவர்கள், பாதியில் நின்றவர்கள், சாயங்காலம் வீட்டில் இருந்தால் அப்பாவோடு சண்டை வரும் என்று தப்பித்து வருகிறவர்கள் எல்லாம் இங்கேதான். நான் கவிழ்ந்தவளும்தான், தப்பித்தவளும்தான். சார் என்னை 'வாலு' என்று கூப்பிடுவார். கரும்பலகையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்தது நான். சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போக, சார் சாக்பீஸ் விற்ற கடைக்காரனைத் திட்டித் தீர்த்தார். அந்தக் கடைக்காரனுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

என் பெருமை போதும். நான் சொல்ல வந்தது கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் இஸ்திரி அக்காவைப் பற்றி.

அக்காவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிற வேலை. நாள் பூராவும் நின்றே பழகியதால் பெஞ்சில் உட்கார்ந்தாலும் முதுகு சாயாது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருப்பாள். எந்தத் துணியைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. நான் கசக்கித் திணித்த கைக்குட்டையைக்கூட என் பையிலிருந்து எடுத்து நான்காக மடித்துத் திரும்ப வைப்பாள். அவள் வீட்டுக்காரர் தண்ணி லாரி ஓட்டுகிறார். "என்ன மேடம், இன்னைக்கு ஹோம்வொர்க் உண்டா?" என்று கிண்டல் பண்ணுவாராம். ஆனால் அவள் வகுப்புக்கு வரும் நாளில் அடுப்பு வேலை அவர் பொறுப்பு. பெண்கள் இரண்டு பேர். மூத்தவளுக்கு என் வயது. "அவ உன்னை மாதிரி இல்லடி, நல்ல பொண்ணு" என்பாள். "அப்போ வீட்ல போர் அடிக்குமேக்கா" என்பேன். அதற்கு அவள் சிரிப்பதை வெளியே காட்டமாட்டாள். மூக்கு மட்டும் விரியும்.

அவளுக்கு எதற்குப் படிப்பு? சலவைக்கூடத்தில் துணி இருப்பு அறைக்குப் பொறுப்பாளராகப் போக பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் வேண்டும். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்கள் அவளைத் தாண்டி அந்த அறைக்குப் போய்விட்டார்கள். அவள் நீராவியிலேயே நிற்கிறாள். மற்ற பாடமெல்லாம் முன்பே முடித்துவிட்டாள். பாக்கி ஆங்கிலம். பரீட்சைக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் சார் கையெழுத்து இருந்தால்தான் எழுத முடியும். அந்தக் கையெழுத்தில்தான் பிரச்சினை வந்தது. அதைக் கிளப்பியது ஒரு நாவல்.

விக்டோரியா ராணி காலத்து இங்கிலீஷ் நாவல் அது. தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு தடிமன். கால்வாய் மதகைத் திறந்து மூடுகிறவரின் மகள் ஒருத்தி, அப்பா செத்தபிறகு பணக்கார அத்தை வீட்டுக்கு வந்து, திட்டு வாங்கி, வளர்ந்து ஆளாகிற கதை. பெஞ்சுக்கு ஒன்றாக ஆறு பிரதி கடையில் கிடைக்கவில்லை. சார் அலட்டிக்கொள்ளவில்லை. இருந்த ஒரே பிரதியை முதுகில் பிளேடு போட்டு ஆறு கட்டாகப் பிரித்தார், சணல் கயிறு கட்டினார், பெஞ்சுக்கு ஒன்று கொடுத்தார். அவரவர் கட்டு அவரவருக்கு. மீதிக்குக் கைடு இருக்கிறது. அதனால் முதல் பெஞ்சுக்கு மதகுப் பெண் எப்போதும் குழந்தை. ஐந்தாம் பெஞ்சுப் பசங்களுக்கு அவள் கல்யாணமாகி, தலை நரைத்து, கதையே முடிந்துவிட்டது. ஒரே பெண்ணைப் பற்றி ஆறு பெஞ்சும் ஆறு விதமாகப் பேசும்.

வரிசைப்படி கொடுத்திருந்தால் எங்களுக்குத்தான் முடிவு வந்திருக்கும். நாங்கள் வரத் தாமதமானதால் மிஞ்சிய நான்காம் கட்டு வந்தது. அதில் அத்தை மகன் கூடத்துக் கடிகாரத்தை உடைக்கிறான். பழி மதகுப் பெண் மேல் விழுகிறது. வேலைக்காரர்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, அவர்கள் எதிரில் மாடிப்படியில் அவளை நிற்க வைத்து, மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள் அத்தை. அவளும் கேட்கிறாள். "உங்கள் கருணைக்கு நான் தகுதியில்லாதவள்" என்று வேறு சேர்த்துக்கொள்கிறாள். அதோடு கட்டு முடிந்துவிட்டது.

அக்கா அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி அந்த இடத்துக்கு வந்து சேர ஒரு வாரமானது. வந்ததும் கட்டை மூடினாள்.

"ஏன்டி கேட்டா?"

"யாரு?"

"இவதான். உடைக்கலைல்ல? அப்புறம் எதுக்குக் கேட்டா?"

"கேக்கலைன்னா சோறு போடமாட்டாங்கக்கா. கதையில அப்படித்தான்."

அக்கா கட்டைத் தள்ளி வைத்தாள். என் ஸ்வெட்டரை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அப்புறம்தான் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ ஒருத்தி ஒரு கத்தை விரிப்பைத் தீய்த்துவிட்டாள். மேற்பார்வை அம்மா எல்லாரையும் கூப்பிட்டு நடுவில் அக்காவை நிறுத்தினாள். மூத்தவள் அப்போது கைக்குழந்தை. வேலை போனால் பாலுக்கு வழியில்லை. கேட்டுவிட்டாள்.

"அதுலேர்ந்து எந்தத் துணி தீய்ஞ்சாலும் முதல்ல என் முகத்தைத்தான் பாக்கறாங்க. செய்யாததுக்கு மன்னிப்புக் கேட்டா செஞ்சதா ஆயிடும்டி."

சொல்லிவிட்டு, "அப்புறம் இவ என்ன ஆனான்னு கேட்டு வா, போ" என்று என்னை ஐந்தாம் பெஞ்சுக்கு விரட்டினாள்.

ஐந்தாம் பெஞ்சுத் தலைவன் ஒரு மீன் கடைக்காரர் மகன். அவனுக்கும் எனக்கும் ஆகாது. அவன் செருப்பை நான் அடிக்கடி ஜன்னல் சன்ஷேடில் வைத்துவிடுவேன்.

"இனிமே என் செருப்பைத் தொடமாட்டேன்னு சொல்லு, கட்டைத் தர்றேன்."

"இடது செருப்பைத் தொடமாட்டேன்."

"ரெண்டையும்."

அக்காவுக்காக ஒத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகம் இதுதான். யாரும் பாராட்டவில்லை.

மிச்சக் கதையைப் படித்து முடித்த அன்று அக்கா முகம் சூடான இஸ்திரிப்பெட்டி. மதகுப் பெண் டீச்சராகிறாள், நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுகிறாள், கடைசியில் அத்தை சாகக் கிடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு, அன்று படிக்கட்டில் நிறுத்தியதால்தான் நான் மனுஷியானேன் என்று நன்றி சொல்லி அழுகிறாள். கடிகாரத்தை உடைத்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

"இவ உருப்படவே மாட்டா" என்றாள் அக்கா.

"உருப்பட்டு, கதையே முடிஞ்சு போச்சுக்கா."

"எழுதினவர் முடிச்சுட்டாரு. நான் முடிக்கலை."

மாதிரித் தேர்வில் அதைப் பற்றியே கேள்வி வந்தது. 'பணிவே கதாநாயகியின் வளர்ச்சிக்குப் படிக்கட்டு என்பதை நிறுவுக.' கைடில் ஒரு பக்கத்துக்குப் பதில் உண்டு, எல்லாரும் மனப்பாடம். நான் மனப்பாடம் செய்யவில்லை. எனக்குக் கண் நல்ல கண். பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்து, வந்ததை வந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன எழுதுகிறேன் என்று படித்துப் பார்க்கும் வழக்கம் எனக்குக் கிடையாது.

மறுநாள் சார் என் தாளைக் கையில் எடுத்தார். இங்கிலீஷில் இருந்ததை நிறுத்தி நிறுத்தித் தமிழில் வாசித்தார்.

"'நிறுவ மாட்டேன். அது பணிவு இல்லை, பயம். எனக்குத் தெரியும். நான் பல வருஷமாக ஆஸ்பத்திரியில் விரிப்பு தேய்க்கிறவள். என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது...' ஏம்மா வாலு, மூத்தவ எத்தனாவது படிக்கிறா?"

வகுப்பு உருண்டு சிரித்தது. மீன் கடைக்காரர் மகன் பெஞ்சிலிருந்து விழுந்தே விட்டான். நானும் சிரித்தேன். பக்கத்தில் அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

சார் இரண்டு தாளையும் மேஜையில் போட்டார். "கேட்டது ஒண்ணு, எழுதினது ஒண்ணு. அது போதாதுன்னு சின்னப் பொண்ணுக்குக் காட்டிக் கொடுத்திருக்கீங்க. இது டுடோரியலா, உங்க வீட்டுக் கதை எழுதற இடமா? எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளுங்க. அப்பதான் கையெழுத்து."

நான் எழுந்தேன். "சார், அவங்க காட்டலை. நான்தான் எட்டிப் பார்த்தேன்."

"உன்னைப் பத்தித் தெரியாதா? நீ உட்காரு. வயசுல பெரியவங்க அவங்க. அவங்கதான் கேக்கணும்."

அக்கா மெதுவாக எழுந்து, "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றாள். மறுநாள்தான் விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள்.

படியிறங்கும்போது அவள் பின்னாலேயே போனேன். "அக்கா, ஒரு சாரி தானே? நான் தினமும் நாலு பேர்கிட்ட கேக்கறேன். கேட்டுட்டுத் திரும்பி நின்னு பழிப்புக் காட்டிட்டா சரியாப் போச்சு."

"உனக்கு அது வாயிலேர்ந்து வருது. எனக்கு அன்னைக்குக் கேட்டது இன்னும் தொண்டையிலேயே நிக்குதுடி."

"கையெழுத்து போச்சுன்னா?"

டயர் கடைக்காரர் தண்ணீர்த் தொட்டியில் டியூப்பை முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். குமிழி வரும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பஸ் பிடிக்கப் போனாள்.

இரவெல்லாம் எனக்குத் தூக்கம் பிடிக்கவேயில்லை. மறுநாள் மத்தியானம் சலவைக்கூடத்துக்குப் போனேன், சாருக்குத் தெரியாமல் மன்னிப்பை நானே எழுதி அக்கா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடலாமா என்று கேட்க. நல்ல யோசனைதான். கேட்கத்தான் முடியவில்லை.

உள்ளே ஒரே நீராவி. அழுக்குத் துணித் தள்ளுவண்டிகள் ஒரு பக்கம், வெள்ளை விரிப்புகள் மலையாக மறுபக்கம். அக்கா தன் மேஜையை விட்டு விலகி, மேற்பார்வை அம்மாவின் எதிரே நின்றுகொண்டிருந்தாள். சுற்றி எல்லா இஸ்திரிப்பெட்டியும் நிமிர்ந்து நின்றது.

"அம்மா, அன்னைக்கு விரிப்பு தீய்ஞ்சதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன் இல்ல? அதைத் திரும்ப வாங்கிக்கறேன்."

"எதை?"

"மன்னிப்பை. தீய்ச்சது நான் இல்லை."

"ஐயோ, அது எந்தக் காலத்துல நடந்தது! இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?"

"தீய்ஞ்சது எப்பவோ முடிஞ்சு போச்சும்மா. நான் கேட்ட மன்னிப்புதான் இன்னும் முடியலை. யாரு தீய்ச்சதுன்னு நான் சொல்லப்போறதில்லை. நான் இல்லைன்னு மட்டும் இவங்க எல்லாருக்கும் தெரியணும்."

மேற்பார்வை அம்மா சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "சரி, சரி, வேலையைப் பாரு" என்று தள்ளுவண்டியை எண்ணப் போனாள். அக்கா திரும்பி மேஜைக்கு வந்து ஒரு விரிப்பை உதறினாள். பட்டாசு மாதிரி சத்தம். என்னைப் பார்த்துவிட்டாள்.

"இங்க என்னடி பண்றே?"

"சும்மா. உங்க மகள் நல்ல பொண்ணான்னு விசாரிக்க வந்தேன்."

மூக்கு விரிந்தது.

சாயங்காலம் சார் மேஜையில் மைத்தட்டும் முத்திரையும் தயாராக இருந்தன. எங்கள் அறை எலிவளை மாதிரி. பெஞ்சுகளுக்கு நடுவே ஓர் ஆள் போகிற சந்து, அதன் முடிவில் மேஜை. ஒருவர் கையெழுத்து வாங்கித் திரும்பினால்தான் அடுத்தவர் போகமுடியும். அக்கா முதல் ஆளாகப் போய் நின்றாள்.

"கேக்கறீங்களா?" என்றார் சார்.

"கேக்கமாட்டேன் சார்."

கீழே காற்று மெஷின் நின்றுபோனது. நேரம் பார்த்து நிற்கிறது, சனியன்.

"எழுதினது தப்பில்லை. அந்தப் பொண்ணு பார்த்தது எனக்குத் தெரியாது. செய்யாததுக்குக் கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவு நாள் போச்சு. கையெழுத்து போடறது உங்க இஷ்டம். போடலைன்னாலும் நாளைக்கு வருவேன். அடுத்த வருஷமும் இதே பெஞ்சுதான். இதே கேள்வி வந்தா இதே பதில்தான்."

"நான் கெடுக்கணும்னு சொல்லலைம்மா. திருத்தறவன் கைடை வெச்சுத்தான் திருத்துவான். அந்தப் பத்து மார்க்கும் போயிடும்."

"போகட்டும் சார். மிச்சத்துல வாங்கறேன்."

சார் கையை நீட்டி, "சரி, தள்ளுங்க. அடுத்தவங்க வரட்டும்" என்றார்.

அடுத்தது நான். நகரவில்லை. "அக்கா முடிச்சுட்டு வரட்டும் சார்" என்றேன்.

"அவங்களுக்கு முடிஞ்சுது. நீ வா."

"சந்துல இடமில்லை சார். மேல ஏறிக் குதிச்சா நீங்கதான் திட்டுவீங்க."

எனக்குப் பின்னால் நின்ற மீன் கடைக்காரர் மகனைத் திரும்பிப் பார்த்தேன். மனசுக்குள் அவன் இரண்டு செருப்பையும் சன்ஷேடில் ஏற்றிவிட்டேன். அவனோ கையைக் கட்டிக்கொண்டு, "எனக்கு அவசரமில்லை சார்" என்றான். அவன் பின்னாலும் யாருக்கும் அவசரமில்லை. ஒருத்தரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. சந்து முழுக்க ஆட்கள், அக்கா முதுகு சாயாமல் முன்னால். சார் கடிகாரத்தைப் பார்த்தார், தபால் ஆபீஸ் மூடும் நேரம். எங்களைப் பார்த்தார். ஆறு பெஞ்சும் ஒன்றாக நிற்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை, அவர் கயிற்றில் கட்டிக் கொடுத்ததெல்லாம் தனித்தனிக் கட்டுத்தானே.

அக்காவின் விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரையை மேஜையே அதிர்கிற மாதிரி குத்தினார். "பெயிலானா என்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழமாட்டேன் சார். சண்டைதான் போடுவேன்."

பரீட்சை முடிந்துவிட்டது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. கேள்வி கொஞ்சம் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தது, உள்ளே அதே பணிவுதான். அக்காவுக்கு எனக்கு இரண்டு வரிசை முன்னால் இடம். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பேனா தாளில் விழுந்த அழுத்தம் பின்னாலிருந்தே கேட்டது. நான் கைடுப் பதிலை முழுசாக மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். முதல் வரியை எழுதினேன். அப்புறம் அதை அடித்துவிட்டு, கடிகாரத்தை உடைத்தவன் எங்கே என்று கேட்டு ஆரம்பித்தேன். பாஸாவேனா தெரியாது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.