எலுமிச்சம்பழத்தால் கொதித்த எஞ்சின்

செம்பூர்வாசிகளே, இன்று காலை என் கார் எரிமலையாக இருந்தது.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் கிளம்பக்கூட இல்லை. அதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பில் போய் முட்டியது. எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. ராத்திரி முழுக்க மழையில் நனைந்த வண்டி!

பக்கத்தில் என் அத்திம்பேர். டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தில் அணுவையே மிரட்டிவிட்டு ஓய்வு பெற்றவர்.

“இறங்குடா மணி, வெடிச்சுடும்!” என்று குதித்து ஓடி, தெருமுனை மெக்கானிக்கை இழுத்து வந்தார்.

அந்த மகாமேதை பானெட்டைத் திறக்காமலே தீர்ப்பளித்தார். “கேஸ்கெட் கயா, சாப்.” கேஸ்கெட் போய்விட்டதாம், எஞ்சினைப் பிரிக்க வேண்டுமாம். ஒரு வாரம் வண்டியை மறந்துவிட வேண்டுமாம்.

“நான் அப்பவே நினைச்சேன்” என்றார் அத்திம்பேர்.

கொதிக்கிற எஞ்சினை ஒருவராவது தொட்டுப் பார்க்க வேண்டாமா? பானெட்டைத் திறந்து நானே கை வைத்தேன். குல்ஃபி விற்கலாம், அவ்வளவு குளிர்ச்சி.

டெம்பரேச்சர் சென்சார் முனையில் ஒரு செம்புக் கம்பி மாட்டியிருந்தது. அதன் மறுமுனை எஞ்சின் இரும்பில் உரசி, ஷார்ட் சர்க்யூட்டாகி முள்ளை ஏமாற்றிக்கொண்டிருந்தது. நடுவில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும்! கழற்றினேன். முள் இறங்கியது, விளக்கும் அணைந்தது.

“இதை யாரு இங்கே கட்டினா?”

“நேத்து சனிக்கிழமையோன்னோ, திருஷ்டிக்கு” என்றார் அத்திம்பேர். “வெளியே தொங்கவிட்டா நாலு பேர் சிரிப்பா. நூல்னா அறுந்துடும், அதான் கம்பியில கோத்தேன்.”

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. எதற்கும் பிரித்துப் பார்த்துவிடலாமே என்றார். துரத்திவிட்டேன்.

அத்திம்பேர் இப்போது பழத்துக்கு வேறு இடம் தேடுகிறார். பிரேக் பக்கம் மட்டும் வேண்டாமென்று நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்.