ஒரு தகடு மட்டும் வேறு நிறம்

என் விமானத்துக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து தருகிறேன் என்று தங்கையின் வீட்டுக்காரர் சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். நல்ல மனுஷன். மேலகரத்தில் மெயின் ரோட்டை ஒட்டி, கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். இடிபட்ட கதவை இடிபடாத கதவாக்கித் தருவதில் தென்காசி வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தத் திறமைதான் எனக்கு வினையாக வந்தது.

விமானம் என்றால் ஒரு முழத்துக்கும் குறைவான பிளாஸ்டிக் விமானம். நான் விமானப்படையில் இருபது வருடம் இருந்தவன். போர் விமானத்தின் உடம்பு என் பொறுப்பு. தகடு, ரிவெட், கீல், திருகு என்று தரையில் நின்று பார்க்கிற வேலை. அப்போது என் கையில் இருந்த ஒரு விமானத்தை, அதன் எண் முதற்கொண்டு, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் செய்வது என்று போன வருடம் உட்கார்ந்தேன்.

கடையில் வாங்கிய மாடல் பெட்டியைப் பிரித்தால் சட்டம் சட்டமாகத் துண்டுகள். ஒவ்வொன்றையும் நறுக்கி, ஒட்டி, இணைப்பு தெரியாமல் புட்டி வைத்து, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சக்கரக் குழிக்குள் ஓடுகிற குழாய்களைப் பெட்டிக்காரன் கொடுக்கவே இல்லை. செப்புக் கம்பியை வளைத்து நானே போட்டேன். "கவுத்து வச்சாத்தான தெரியும், யாரு பாக்கப் போறா?" என்று என் மனைவி கேட்டாள். நான் பார்ப்பேன் என்றேன். "அப்பொ நீங்களே பாத்துக்கிடுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெயிண்ட் அடிக்கிற நேரம் பார்த்து ஆனி பிறந்தது. குற்றாலத்தில் சாரல் இறங்கினால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம். ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் காய்வதற்குள் வெள்ளையாகப் பூத்துவிடும். மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் அழித்தேன். சீசன் முடியட்டும் என்று சொல்லாத ஆள் இல்லை. சாரலுக்குப் பயந்து தூரிகையைக் கீழே வைக்கிற ஆள் நான் இல்லை. பழைய இரும்பு பீரோவைக் காலி செய்து, உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, அந்தச் சூட்டில் காயவைத்தேன். நாலாவது தடவை நிறம் நின்றது. உடம்பு முழுக்க வெளிர் சாம்பல். இடது இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் ஒரே ஒரு தகடு மட்டும், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, கொஞ்சம் கறுத்த சாம்பல். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

சுதந்திர தின வாரத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கண்காட்சி. அதில் வைக்கத் தலைமையாசிரியை கேட்டிருந்தார். அதற்குத்தான் கண்ணாடிப் பெட்டி. அளவெடுக்க விமானத்தைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போனால், மாப்பிள்ளை முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார்.

"மச்சான், ஒரு எடத்துல கலர் தப்பிப் போயிருந்துது. நான் மேட்ச் பண்ணிட்டேன். எங்கனன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒம்ம யாரு வே அதத் தொடச் சொன்னா?"

மாப்பிள்ளை என்கிற மரியாதை அந்த நிமிடம் போய்விட்டது. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருடைய வாட்டர் பேப்பரையே எடுத்து, அங்கேயே உட்கார்ந்து அவர் அடித்ததைத் தேய்க்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டுப் பின்னால் வீட்டிலிருந்து தங்கை வந்தாள்.

"என்னண்ணே இது? நகக்கண்ணு அளவு எடம். அதுக்குப் போயி அவுகள இந்தப் பேச்சு பேசுத?"

"அந்த எடம் அப்படித்தாம்ட்டி இருந்துச்சு. அப்படியேதான் இருக்கும்."

"அப்படி என்ன அங்கன பொதச்சு வச்சிருக்க?"

சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்காமல், தேய்த்துக்கொண்டே சொன்னேன்.

அந்த நிஜ விமானத்தின் இறக்கைமேல் 'இங்கே மிதிக்காதே' என்று சிவப்பில் எழுதியிருக்கும். ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், மழையில் நனைந்த பூட்ஸோடு மேலே ஏறியவன் வழுக்கி, சரியாக அந்த எழுத்தின் மேலேயே காலை ஊன்றிவிட்டேன். தகடு சின்னதாக உள்வாங்கியது. விரலால் தடவினால்தான் தெரியும். பார்த்தவர் யாரும் இல்லை. இறங்கி, நேராகப் போய் மேலதிகாரியிடம் சொன்னேன். அன்றைக்கு விமானம் பறக்கவில்லை. பழுதுபார்க்க நின்றிருந்த வேறொரு விமானத்தின் தகட்டைக் கழற்றி இதில் போட்டோம். அதன் சாம்பல் கொஞ்சம் கறுப்பு. தப்பு என்னுடையது, தண்டனையும் நியாயம். எனக்கு அனுமதித்திருந்த விடுமுறை ரத்தானது.

அந்த விடுமுறை இவளுடைய கல்யாணத்துக்காக வாங்கியது. மணமேடையில் பெண்ணின் கையில் பொரி அள்ளிக் கொடுப்பது உடன்பிறந்தவன் செய்ய வேண்டியது. நான் வராததால் பெரியப்பா மகன் கொடுத்தான். எல்லையில் பதற்றம், யாருக்கும் லீவு இல்லை என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். நாட்டைக் காக்கப் போயிருக்கிறான் என்று அப்பா பந்தியில் நின்று பெருமையடித்திருக்கிறார். அதற்குப் பிறகு எந்த வாயால் நான் உண்மையைச் சொல்வது?

தங்கை குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"பொறவு ஏன் சொன்ன?"

"அதுக்குள்ள ஒருத்தன் உக்காந்து பறப்பாம்லா."

"அவனுக்கு அன்னைக்கே உண்மையச் சொல்லிட்ட" என்றாள். "எனக்குச் சொல்ல முப்பத்திரெண்டு வருசம் ஆயிருக்கு."

உள்ளே போய்விட்டாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாட்டர் பேப்பரை நான் கீழே வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, கறுத்த சாம்பலைக் கலந்து, அந்தத் தகட்டை மறுபடி அடித்தேன். நாளைக்கே அந்தக் கால் இன்னொரு முறை வழுக்கினாலும் நான் போய்ச் சொல்லத்தான் செய்வேன். அந்தக் கடிதத்தைத்தான் எழுதியிருக்கக் கூடாது. மாப்பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மச்சான், கலரு ஒரு ஷேடுதான" என்றார். தங்கை மட்டும் நாலு நாள் முகம் கொடுக்கவில்லை.

கண்காட்சி அன்று காலை, பெட்டியோடு விமானத்தை மேஜையில் வைத்தேன். தலைமையாசிரியை குனிந்து பார்த்தார். கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம்.

"சார், ரொம்ப அழகா இருக்கு. இந்த எடத்துல மட்டும் பெயிண்ட் ஒரு மாதிரி தெரியுது. அந்தப் பக்கம் சுவத்தப் பாக்க திருப்பி வச்சிருவோமா?"

முடியாது, வேண்டுமென்றால் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"திருப்பாதீங்க டீச்சர்."

தங்கைதான். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையில் வந்திருந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, விமானத்துக்குப் பக்கத்தில், அந்தத் தகடு இருக்கிற பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. என்னோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் பேசினாள். கலெக்டர் ஆபீஸ்காரர் ஒருவர் என்னைக் காட்டி, இந்த விமானத்தை ஓட்டியது இவர்தானா என்று அவளிடம் கேட்டார்.

"ஓட்டல சார், மிதிச்சான்" என்றாள். கண்ணாடிமேல் விரலை வைத்து இடத்தைக் காட்டினாள். "இந்தா, இங்கன. ஒருத்தரும் பாக்கல. எங்கண்ணன் தானே போயி சொன்னான். அதுக்குத்தான் என் கல்யாணத்துக்கு வர முடியல."