கம்பெனி பஸ்ஸில் அவர் இடம்

ஒக்கலிபுரத்தில் எங்கள் கம்பெனி பஸ் ஏறும் அந்த வெல்டருக்கு மூன்றாவது வரிசை ஜன்னலோரம்தான். பக்கத்து இடம் என்னுடையது. வெயில் காலத்திலும் கை இல்லாத ஸ்வெட்டர் போட்டிருப்பார். முழங்கை வரை தீப்பொறி பட்ட தழும்புகள். கைக்குட்டையால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்காருவது எங்கள் பஸ்ஸில் வழக்கமில்லை.

ஆர்டர் குறைந்தபோது அவர் பிரிவில் பாதிப் பேரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவரும் அதில் போனார். அதே மாதம் புது மெஷினை ஓட்ட வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள்.

வேலை போன மறுநாளும் அவர் பஸ் ஏறினார். கண்ணாடியைத் துடைத்தார். ஹெப்பகோடியில் கம்பெனி கேட்டுக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டார். டிரைவர் அவருக்காக அங்கே நிறுத்தினார்.

சில வாரம் அப்படியே வந்தார். ஒருநாள் அவரே சொன்னார்: "இன்னிக்கு ஏஜென்சில டெஸ்ட்டுப்பா. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கறாங்க."

"ஏண்ணா, அந்த ஊர்ல வெல்டரே இல்லியா?"

"இருந்திருப்பான். நான் இங்க இருந்தேன்ல, அந்த மாதிரி."

கோபமே இல்லாமல், மணி கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் விமானம் ஏறிய பிறகும் அந்த இடம் காலியாகவே ஓடியது. போன வாரம் சாயங்காலம் நல்ல மழை. வழக்கமாகக் கூட்டிப்போகும் கம்பெனி கார் வராமல், அந்த வெளிநாட்டு ஆட்களில் ஒருவர் நனைந்த பையோடு எங்கள் பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரத்தைக் காட்டி, உட்காரலாமா என்று கையால் கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் காலை மடக்கி வழிவிட்டேன்.

அங்கே அந்த வெல்டருக்கு யாராவது காலை மடக்கினார்களா, தெரியவில்லை.