மாமன் மடி

தருமன் என்கிற பேரை வெள்ளையம்மாள் முதன்முதலாகக் கேட்டது ஒலிபெருக்கியில்தான். கூடப் பிறந்தவனாயிற்றே என்று சிரிக்கக் கூடாது. வீட்டுக்கு அவன் சின்னவன். வாத்தியார் எழுதிக்கொண்ட பேர் வாத்தியாரோடு நின்றுவிட்டது. எழுபத்தொன்றாம் வருஷத்துத் தேர்தல் சமயம், மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை கொத்திக்கொண்டிருந்தாள். செங்கம் ரோட்டில் போன காரிலிருந்து, இளைஞரணித் தளபதி தருமன் தேரடியில் பேசுகிறார் என்று சத்தம் வந்தது. யார் அந்தத் தருமன் என்று பக்கத்தில் கொத்திய ஆராயியைக் கேட்டாள்.

"உன் தம்பிதான்டி. கூடவே வெச்சிக்கினு பேர் தெரியாத அக்காவ இப்பதான் பாக்கறேன்" என்றாள் ஆராயி.

கிணற்று மேட்டில் மாடு ஓட்டிப் பழகிய தொண்டை அவனுக்கு. தண்ணீர் வற்றிய கதையை அவன் சொன்னால் கடைசி வரிசையில் நிற்கிற கிழவனும் துண்டால் கண்ணைத் துடைப்பான். அன்று ராத்திரி தேரடியில் வயிற்றுப் பிள்ளையோடு நின்று கேட்டாள் வெள்ளையம்மாள். மாலையும் கழுத்துமாக இறங்கி வந்தவன் அக்காளைப் பார்த்துவிட்டான்.

"இதுக்கும் என் மடிதாங்க்கா" என்றான்.

அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். வெள்ளையம்மாளின் மூத்த மகன் காசிக்கு அப்படித்தான் சின்னவன் மடியில் வைத்துக் குத்தினார்கள். அன்று அவன் ஏர் ஓட்டியவன். பிள்ளை அழுததற்கு மாமனும் சேர்ந்து அழுதான்.

பிறந்தது பெண். பாஞ்சாலை என்று பேர். அதற்குள் அவன் மெட்ராஸுக்குப் போய்விட்டான். போகிற ஊரிலெல்லாம் கட்சிக்காரர்கள் மேடையில் நீட்டிய பிள்ளைகளுக்குப் பேர் வைத்தானாம். அக்காள் மகளுக்கு மூன்று வயசாகி, பச்சையம்மன் கோயிலில் ஆடு வெட்டி, பந்தல் போட்டு, ஊசியோடு ஆசாரியும் வந்து உட்கார்ந்தார். நல்ல நேரம் முடிகிற வேளைக்கு ஒரு கார் வந்தது. அதில் மாலை இருந்தது, வெள்ளிக் கொலுசு இருந்தது, கட்சி ஆட்கள் இருந்தார்கள். அண்ணனுக்குத் திடீரென்று மாநாடு என்றார்கள்.

வெள்ளையம்மாளின் பெரியப்பா மகன் சக்கரபாணியும் மாமன் முறைதான், அவன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்றார் புருஷன் அருணகிரி.

"என் கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கான். வேற மடியில வெக்க மாட்டேன்" என்றாள்.

ஆசாரி ஊசியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆடு வெட்டியாயிற்றே, சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போனார்கள்.

அடுத்த தை என்று சொல்லி அனுப்புவான். தை வரும், அவன் வரமாட்டான். பள்ளிக்கூடத்தில் மொட்டைக்காது என்று கூப்பிட்டதால் பாஞ்சாலை தலைமுடியை இழுத்துக் காதை மூடியே வளர்ந்தாள். வயசுக்கு வந்தபோது பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டியது சக்கரபாணி. பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பார்த்தது காதைத்தான். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாள் அருணகிரி யாரையும் கேட்காமல் மகளை டவுனுக்குக் கூட்டிப் போனார். யார் மடியும் இல்லாமல் வெறும் மணையில் உட்கார வைத்துக் குத்தியாயிற்று. துளை தூராமலிருக்க இரண்டு காதிலும் செருகிய துடைப்பக் குச்சியோடு வந்து நின்ற மகளை வெள்ளையம்மாள் பார்த்தாள். அன்று அவள் கஞ்சி குடிக்கவில்லை.

பாஞ்சாலைக்குக் கல்யாணம் ஆனபோதும் தருமன் வரவில்லை. அந்தப் பக்கம் அவன் கட்சி உடைந்தது. சுவரில் தருமன் பேர் எழுத்தெழுத்தாய்ச் சிறுத்து, கடைசி வரிக்கு இறங்கி, பிறகு இல்லாமலே போயிற்று. தனியாகத் தேர்தலில் நின்று தோற்றான். அதில் அவன் பங்குக் கொல்லையும் கைவிட்டுப் போயிற்று. எண்பத்தேழில் ஒரு மத்தியானம் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினான். கத்திக் கத்தித் தொண்டையும் போயிருந்தது. வாசலில் கைப்பிள்ளையோடு நின்ற பெண்ணிடம், பாஞ்சாலை எங்கேம்மா என்று கேட்டான்.

"நான்தான். நீங்க யாருங்க?"

அவன் அவள் காதையே பார்த்துக்கொண்டு நின்றான். கொல்லையிலிருந்து வந்த வெள்ளையம்மாள் தலைச்சுமையை இறக்காமலே தம்பியைப் பார்த்தாள்.

"அக்கா, காது..." என்று இழுத்தான்.

"குத்தியாச்சு" என்றாள். சோறு போட்டாள்.

அடுத்த தையில் பாஞ்சாலை பிள்ளைக்குக் காதுகுத்து. வேலூர் பஸ்ஸில் க்ளீனராக இருந்த அவள் அண்ணன் காசி, லீவு போட்டு முதல் நாளே வந்துவிட்டான். தருமன் விடிகாலையில் தலை முழுகி, வெளுத்த வேட்டி கட்டி, கூப்பிடாமலே, காசி உட்கார்ந்திருந்த மணைக்குப் பக்கத்தில் போய் நின்றான். ஆசாரி இரண்டு பேரையும் பார்த்தார்.

"நீங்க அப்படி ஓரமா உக்காருங்க மாமா" என்றான் காசி, மரியாதையாகத்தான்.

வெள்ளையம்மாள் பேரனைத் தூக்கிக் காசி மடியில் வைத்தாள். பேரனுக்கு மாமன் காசி. தம்பி மடிக்கு அவள் வீட்டில் இனிப் பிள்ளை இல்லை. பிள்ளை அழுதான், காசி வெல்லத்தை வாயில் வைத்தான். இலை போட்டபோது தேடினார்கள். தருமன் அங்கே இல்லை.

தருமன் இப்போது ரமணாசிரமத்துக்கு அந்தாண்டை, வெள்ளைக்காரர்கள் வாடகைக்குத் தங்குகிற வீட்டில் வாட்ச்மேனாக இருக்கிறான்.